மணியோசை வரும் முன்னே

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. எழுதும்போது ஒன்றிரண்டு இடங்களை மட்டும் சரிசெய்திருக்கிறேன்.)

கூட்டத் தலைவர் ஐயா அவர்களே, மாதம் தவறாமல் இந்தக் கூட்டத்தை நடத்தி வரும் நூலகர் அம்மா அவர்களே, மாலை நேர நோயாளிகளைச் சற்றுக் காக்க வைத்துவிட்டு வந்திருக்கும் காது மூக்குத் தொண்டை மருத்துவர் அவர்களே, இந்த ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் நாற்பது வருஷம் தவில் வாசித்த ஆசான் ஐயா அவர்களே, மைக் செட் செலவை ஏற்றுக்கொண்ட அச்சக உரிமையாளர் அவர்களே, தாய்மார்களே, கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைவர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். போன வாரம் போனில் தலைப்பு கேட்டார். "ஒரு டிவி தொடரில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு பாட்டைப் பற்றி" என்றேன். ஒரு நொடி பேச்சே இல்லை. அப்புறம், "நல்லா தயார் பண்ணிட்டு வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று ராத்திரி உட்கார்ந்து தயார் செய்திருக்கிறேன். ஆசான் ஐயா இருக்கும் சபையில் மெட்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. அவருக்குச் சால்வை போட்ட பிறகே மைக்கை என் கையில் கொடுத்தீர்கள். அதுதான் முறை.

மூன்று விஷயங்கள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, அந்தப் பாட்டு என்ன பாட்டு என்பது. இரண்டு, அது கதைக்குள் எப்படி வேலை செய்கிறது என்பது. மூன்று, அதே தொடரில் வரும் மற்றப் பாட்டுகள். இதற்கெல்லாம் அடியில் ஒரு பழமொழி இருக்கிறது. எங்கள் அப்பா எதற்கெடுத்தாலும் சொல்வார்: யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.

தொடரின் பெயர் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. ஹெச்பிஓ என்ற அமெரிக்க டிவி நிறுவனம் 2011 முதல் 2019 வரை எடுத்தது. எட்டு சீசன், 73 பகுதிகள். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதிய நாவல் வரிசை அதற்கு மூலம். டிராகனும் பனிப்பிசாசும் வரும் கதை என்று ஒதுக்கியவர்கள் இங்கே இருக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் ஒதுக்கினேன். என்னை உள்ளே இழுத்தது டிராகன் அல்ல, ஒரு பாட்டு.

'தி ரெய்ன்ஸ் ஆஃப் காஸ்டமியர்' என்று அதற்குப் பெயர். காஸ்டமியரின் மழை. காஸ்டமியர் ஒரு கோட்டை. அதை ஆண்ட குடும்பத்தின் பெயர் ரெய்ன். மழைக்கான ஆங்கிலச் சொல்லும் அந்தக் குடும்பப் பெயரும் காதில் ஒன்றாகவே விழும். பாட்டின் பெயரே ஒரு சிலேடை. அந்தக் குடும்பம் தங்கள் மேலதிகாரிகளான லானிஸ்டர்களை எதிர்த்துக் கிளம்பியது. லானிஸ்டர் வீட்டு இளவட்டமாக இருந்த டைவின், அந்த வம்சத்தையே இல்லாமல் செய்துவிட்டான். ஒரு ஆள் மிச்சமில்லை. இரண்டு வீட்டுக் கொடியிலும் சிங்கம்தான், ஒன்று சிவப்பு, ஒன்று பொன். உன் நகத்துக்கு என் நகம் இளைத்ததல்ல என்று ஒரு சிங்கம் இன்னொன்றிடம் பேசும் பாட்டு. முடியும்போது, காலியான மண்டபத்தின் மேல் மழை அழுகிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

நாவலில் ஒரு இடம் உண்டு. ஒரு சிற்றரசர் முறைத்துக்கொள்கிறார். டைவின் அவருக்குக் கடிதம் எழுதவில்லை. நரம்பு வாத்தியம் ஒன்றைக் கையில் கொடுத்து ஒரு ஆளை அனுப்புகிறான். அந்த ஆள் போய் மண்டபத்தில் இந்தப் பாட்டைப் பாடுகிறான், அவ்வளவுதான். அந்தச் சிற்றரசர் அப்புறம் வாயே திறக்கவில்லை. படை எடுக்கவில்லை, ஒரு அம்பு செலவில்லை. யானை வரவே வேண்டாம், மணியை மட்டும் அனுப்பினால் போதும் என்ற அளவுக்குப் பயம்.

சரி, இது கதைக்குள் எப்படி வேலை செய்கிறது? இசையமைப்பாளர் ராமின் ஜவாடி இதற்கு மெட்டுப் போட்டார். இரண்டாம் சீசன் முதல் பகுதியில் டிரியன் என்ற பாத்திரம் அரசவைக் கூட்டத்துக்குள் நுழையும்போது இதை விசிலடித்துக்கொண்டே வருகிறான். யாரும் கவனிப்பதில்லை. ஒன்பதாம் பகுதி, 'பிளாக்வாட்டர்', 2012 மே மாதம் வந்தது. போர் தொடங்கப்போகிற ராத்திரி, சிப்பாய்கள் குடித்துக்கொண்டே இதைப் பாடுகிறார்கள். அந்தப் பகுதி முடிந்து பெயர்கள் ஓடும்போது 'தி நேஷனல்' என்ற அமெரிக்க இசைக்குழுவின் குரலில் முழுப் பாட்டும் வருகிறது. மூன்றாம் சீசனில் ஒரு நாடோடி வீரன் காட்டுவழியில் இதை முணுமுணுத்துக்கொண்டு வருகிறான். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு சாதாரணக் காரியத்துக்கு நடுவில் வந்து போகிறது. ரசிகனின் காதில் விதை போடுகிறார்கள்.

அதே மூன்றாம் சீசன் எட்டாம் பகுதியில் ஒரு கல்யாண வீடு. லானிஸ்டர் மகள் செர்சி, தனக்கு மருமகளாக வரப்போகிற மார்ஜரியின் கையைக் கோர்த்துக்கொண்டு நடந்தபடி, ரெய்ன் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று கதை மாதிரி சொல்கிறாள். சிரித்த முகத்தோடு சொல்கிறாள். எங்களோடு வைத்துக்கொண்டால் இதுதான் என்பது பொருள். அதற்கு அடுத்த பகுதிக்குப் பெயரே இந்தப் பாட்டின் பெயர். 2013 ஜூன் 2 அன்று ஒளிபரப்பானது.

அதில் இன்னொரு கல்யாணம். ஃப்ரே குடும்பத்துப் பெண்ணுக்கும் ராப் ஸ்டார்க்கின் தாய்மாமனுக்கும். ராப் லானிஸ்டர்களோடு போரிடும் இளம் ராஜா. ஃப்ரே வீட்டுப் பெண்ணை மணப்பதாகச் சொல்லிவிட்டு வேறு பெண்ணை மணந்தவன். அந்த மனத்தாங்கலைத் தீர்க்கத்தான் இந்தச் சம்பந்தம். விருந்து முடிந்தது, மாப்பிள்ளையையும் பெண்ணையும் அறைக்கு அனுப்பியாயிற்று. ராப்பும் அவன் மனைவியும் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பேர் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது ஒருவன் மண்டபத்துக் கதவைச் சாத்துகிறான். மேல் மாடத்தில் வாத்தியக்காரர்கள் வேறு மெட்டுக்கு மாறுகிறார்கள். வார்த்தை கிடையாது, வெறும் மெட்டுதான்.

ராப்பின் தாய் கேட்லினின் முகத்தைப் பாருங்கள். அவளுக்கு அந்தப் பாட்டு தெரியும். எதிரி வீட்டுப் பாட்டு இங்கே ஏன் ஒலிக்கிறது? கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருக்கும், ராப்பின் படைத்தலைவர்களில் ஒருவனான ரூஸ் போல்டனின் சட்டைக் கைக்கு அடியில் இரும்புக் கவசம் இருப்பதைப் பார்க்கிறாள். அதற்குப் பிறகு நடப்பதை விவரிக்க மாட்டேன், குழந்தைகள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். மாடத்தில் வாசித்துக்கொண்டிருந்தவர்களே வாத்தியத்தை வைத்துவிட்டு வில்லை எடுத்தார்கள். அந்தப் பகுதி முடிந்து பெயர்கள் ஓடும்போது இசையே கிடையாது. மௌனம்.

நம் ஊரில் கெட்டிமேளம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு அட்சதைக் கையை உயர்த்துகிறோம். மேளம் என்ன சொல்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை என்பது ஆசான் ஐயாவுக்குத் தெரியும். அந்த மண்டபத்திலும் அதேதான் நடந்தது. பாட்டு தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று சபை இரண்டாகப் பிரிந்துவிட்டது. கேட்லின் ஒரு பக்கம், ராப் மறு பக்கம். வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நாமும் கேட்லின் பக்கம். வசனகர்த்தா ஒரு வரி எழுதாமலேயே நம்மை அவள் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். இந்த இடத்தில் மெட்டு கதைக்குப் பின்னணி அல்ல, கதையைச் சொல்வதே அதுதான்.

இப்போது என் வீட்டுக் கதை ஒன்று. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு தம்பி. ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தான், காது போய்விட்டது. ஒரு காதில் மிஷின் வைத்திருக்கிறான். கதவு அறைந்தால் தெரியும், பாட்டு தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் அவனைவிடப் படம் பார்க்கிறவர் கிடையாது. தமிழ்ப் படத்தில் உதட்டைப் படிப்பான், இங்கிலீஷ் படத்தில் கீழே ஓடும் எழுத்தைப் படிப்பான். அவன் படித்து முடிக்கும் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது.

2013 ஆடி மாசம். பெங்களூரிலிருந்து மாமா பையன் லேப்டாப்போடு வந்திருந்தான். நாங்கள் இரண்டு பேர், மாமா பையன், எதிர்வீட்டு அண்ணன், நாலு பேரும் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். அம்மா ஒரு தூக்கில் கைமுறுக்கு வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். நடுவில் கரண்ட் போனது, பேட்டரியில் ஓடியது. ஃபேன் இல்லை, வியர்த்துக் கொட்டுகிறது, யாரும் எழவில்லை. அந்தக் கல்யாண விருந்து வந்தது. கதவு சாத்தியது. மெட்டு மாறியது. மாமா பையன் என் தொடையைப் பிடித்து அழுத்தினான். எதிர்வீட்டு அண்ணன் "ஐயோ" என்றார். எனக்கு மூச்சு நின்றது.

தம்பி முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான்.

திரையில் ஒரு வயசானவர் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார், ஒரு அம்மா முகம் வாடி உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. கீழே எழுத்தில் 'இசை' என்று ஒரே ஒரு சொல் வந்து போயிற்று. அவன் எங்கள் முகங்களைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி எங்களைப் பார்த்தான். "என்னடா? என்ன ஆச்சு?" என்றான். அவன் கேட்டு முடிப்பதற்குள் திரையில் ரத்தம்.

எல்லாம் முடிந்து வெகுநேரம் யாரும் பேசவில்லை. முதலில் பேசியவன் அவன்தான். "உங்களுக்கெல்லாம் மணி கேட்டுச்சு. எனக்கு யானைதான் தெரிஞ்சுது" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அப்பா சொல்லும் பழமொழி எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நாங்கள் மூன்று பேர் கேட்லின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என் தம்பி ராப்புக்குப் பக்கத்தில், ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். ராப்புக்குத் தெரியாமல் வைத்தது கதை சொன்னவரின் திறமை. என் தம்பிக்குத் தெரியாமல் போனது திறமை அல்ல. அந்த 'இசை' என்ற சொல்லை எழுதியவரின் அசட்டை.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இரண்டாம் சீசன் முதலிலிருந்து மறுபடி ஓட்டினோம். மெட்டு வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி, நோட்டில் எழுதி அவனிடம் காட்டினேன். 'டிரியன் விசில். சிங்கப் பாட்டு. குஷியாக.' 'சிப்பாய்கள். சிங்கப் பாட்டு. போதையில்.' அவன் முதுகில் ஒரு விரலால் மெட்டைத் தட்டிக் காட்டுவேன், ஒரு சொல்லுக்கு ஒரு தட்டு. மூன்றாம் நாள் நான் விரலை வைத்ததுமே, "சிங்கமா?" என்றான். அந்தக் கல்யாணக் காட்சியை மறுபடி வைத்தேன். கதவு சாத்தியதும் அவன் முதுகில் தட்டினேன். முதுகு விறைத்ததை என் விரல் நுனியில் உணர்ந்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "வேண்டாம், வேண்டாம்" என்று திரையைப் பார்த்தே சொன்னான்.

அந்த நோட்டு இதோ என் கையில் இருக்கிறது. கடைசிப் பக்கங்கள் நாலாம் சீசனுக்கு எழுதியவை. அதன் முதல் பகுதி ஸ்டார்க் குடும்பத்து வாளை உலையில் உருக்குவதோடு ஆரம்பிக்கிறது. வசனம் இல்லை, சிங்க மெட்டு மட்டும். 'தமிழில்லை, இங்கிலீஷில்லை, பாட்டுதான் பேசுது' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு அடுத்த பகுதியில் செர்சியின் மகன் ஜாஃப்ரி ராஜாவின் கல்யாணம். ஐஸ்லாந்து இசைக்குழு 'சிகுர் ரோஸ்' ஆட்களே பாடகர்களாக வந்து இதே பாட்டைப் பாடுகிறார்கள். ஜாஃப்ரி காசை விட்டெறிந்து அவர்களை விரட்டுகிறான். அதே விருந்தில் விஷத்தால் சாகிறான். எத்தனையோ வீட்டுக்கு எமனாகப் போன பாட்டு, சொந்த வீட்டுக் கல்யாணத்திலும் மணி அடித்துவிட்டுப் போனது. இந்தப் பகுதிக்கும் 'பிளாக்வாட்டரு'க்கும் திரைக்கதை எழுதியவர் மார்ட்டின்தான்.

மூன்றாவது விஷயமாக, கரடிப் பாட்டையும், எட்டாம் சீசனில் போருக்கு முந்தைய இரவு பாட்ரிக் பாடும் ஜென்னியின் பாட்டையும் சொல்ல வந்தேன். தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவற்றை விட்டுவிட்டு, நான் எதற்கு வந்தேனோ அதற்கு வருகிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதன் 42ஆவது பிரிவு, மின்னணு ஊடகங்கள் எழுத்து வடிவிலும் சைகை மொழியிலும் கேட்கமுடியாதவர்களுக்குப் போய்ச்சேர வேண்டும் என்கிறது. 2024 மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சினிமா தியேட்டர்களுக்கென வழிகாட்டு நெறிமுறையும் வெளியிட்டது. ஆக, எழுத்து வரத் தொடங்கிவிட்டது. எப்படிப்பட்ட எழுத்து என்பதுதான் என் சண்டை. 'இசை' என்று போட்டால் சட்டத்துக்குக் கணக்கு சரியாகிவிடும். என் தம்பிக்கு ஆகாது. எந்த மெட்டு, இதற்கு முன்னால் எங்கே வந்தது, யார் வாசிக்கிறார்கள் என்று எழுத வேண்டும். 'மாடத்து வாத்தியக்காரர்கள் காஸ்டமியர் பாட்டைத் தொடங்குகிறார்கள்.' ஒரு வரிதான். அது இருந்திருந்தால் அந்த ராத்திரி அவன் வாயில் முறுக்கு நின்றிருக்கும்.

தமிழில் வசன வரி எழுதும் வேலைக்கு நம் கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் போகிறார்கள். அவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பேச்சை மட்டும் எழுதாதீர்கள். திரும்பி வரும் மெட்டுக்கு ஒரு பெயர் வைத்து, ஒவ்வொரு தடவையும் அதே பெயரை எழுதுங்கள். மருத்துவர் ஐயா மேடைக்குப் பின்னால் என்னிடம் சொன்னார், காது கேட்காத பிள்ளைகளின் பெற்றோரை இதில் சேர்த்துவிடுவதாக. அவருக்கு என் நன்றி. அச்சக உரிமையாளர் கோரிக்கை மனுவை இலவசமாக அடித்துத் தந்திருக்கிறார். அது வாசல் மேஜையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். சுண்டல் வாங்கும் முன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

என் தம்பி மூன்றாவது வரிசை ஓரத்தில் இருக்கிறான். நான் பேசியதை எல்லாம் அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடித்து அவனுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் கை தட்டினால் அவனுக்குக் கேட்காது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுங்கள், அவன் திரும்பிப் பார்ப்பான்.