கிராம்ஷி எனக்குக் கிடைத்த வருடம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பிளஸ் டூ வரை படித்தவள். கஷ்ட காலத்தில் கைகொடுத்த ஒரு சிந்தனையாளரைப் பற்றிப் பேச முடியுமா என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள். எனக்கு உடனே ஒரே ஒரு பெயர்தான் வந்தது. அந்தோனியோ கிராம்ஷி. இத்தாலிக்காரர். முசோலினியின் சிறையில் கிடந்து, உடம்பு முழுக்க நோயோடு, 33 நோட்டுப் புத்தகங்களை எழுதி நிரப்பிய மனிதர்.

அவர் எனக்குக் கிடைத்தது 2011-இல். நொய்யல் ஆறு கெட்டுப்போனதற்காகச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்த வருடம். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தவர்கள் யாரும் உத்தரவைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் துணிக்குச் சாயம் ஏறாவிட்டால் கட்டிங் இல்லை. கட்டிங் இல்லாவிட்டால் எங்கள் பவர் டேபிளுக்கு வேலை இல்லை. எங்கள் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை, எனக்குத் தையலில். இரண்டு பேருக்குமே சனிக்கிழமைச் சம்பளம் நின்றுபோனது.

வேலை விளம்பரம் பார்க்கத்தான் கிளை நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். பேப்பரைப் புரட்டி முடித்ததும் வீட்டுக்குப் போக மனம் வராது. ஒருநாள் நூலகத்து அக்காவிடம், "ஜெயிலில் இருந்தவங்க கதை ஏதாவது இருக்குமாக்கா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்துத் தட்டிக் கொடுத்தார். திருப்பித் தரும் தேதி குத்துகிற தாள் பின்பக்கம் ஒட்டியிருந்தது. அதில் இரண்டே இரண்டு தேதிகள். எனக்கு முன்னால் இரண்டு பேர்தான் அதை எடுத்திருந்தார்கள்.

முதல் இருபது பக்கத்திலேயே எழுந்து போக முடியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

கிராம்ஷி 1891 ஜனவரி 22 அன்று சார்டினியாத் தீவில் ஆலெஸ் என்ற ஊரில் பிறந்தவர். ஏழு குழந்தைகளில் நாலாவது. சின்ன வயதிலேயே முதுகெலும்பில் நோய் வந்து கூன் விழுந்துவிட்டது. ஆள் ஐந்தடிகூட வளரவில்லை. நாலு வயதில் ரத்தப்போக்கும் வலிப்புமாகக் கிடந்தபோது பிழைக்க மாட்டான் என்று மருத்துவர்கள் கைவிட, அம்மா சின்னதாகச் சவப்பெட்டியும் போட்டு அனுப்ப ஒரு உடுப்பும் வாங்கி வைத்துவிட்டார். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தப் பெட்டியை 1914 வரைக்கும் வீட்டிலேயே வைத்திருந்தார்கள் என்று பின்னாளில் அவரே சிறையிலிருந்து எழுதுகிறார். தன் சவப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே ஒரு பிள்ளை வளர்ந்திருக்கிறது.

அப்பா அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். தேர்தலில் தோற்ற பக்கம் நின்றார். 1898-இல் பணம் கையாடியதாக வழக்கு வந்து, 1904 வரை சிறையில் இருந்தார். ஏழு பிள்ளைகளையும் அம்மா தையல் வேலை செய்துதான் காப்பாற்றினார். அந்த வரியைப் படித்ததும் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

பதினோரு வயதில் அந்தோனியோ வேலைக்குப் போனான். நில ஆவண அலுவலகத்தில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், ஞாயிறு காலையும் சேர்த்து. மாதம் 9 லீரா. நாளுக்கு ஒரு கிலோ ரொட்டிக்குத்தான் ஆகும். தன்னைவிடக் கனமான பதிவேடுகளைத் தூக்கித் தூக்கி வைப்பான். உடம்பு முழுக்க வலித்து, ராத்திரி யாருக்கும் தெரியாமல் அழுதிருக்கிறான். பனியன் கம்பெனிகளில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப் பிள்ளைகளைப் பார்த்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் உதவித்தொகை பெற்று 1911-இல் டூரின் பல்கலைக்கழகம். மொழியியல் படித்தார், முடிக்கவில்லை. பத்திரிகைக்காரர் ஆனார். 1919, 1920-இல் டூரின் ஆலைத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று கவுன்சில்கள் அமைத்து, தொழிற்சாலைகளையே கைப்பற்றி நடத்தியபோது அவர்களோடு நின்றார். 1921-இல் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1924-இல் நாடாளுமன்ற உறுப்பினர். 1926 நவம்பர் 8 இரவு, அந்தப் பதவிக்குரிய பாதுகாப்பையும் மீறி ரோமில் கைது செய்தார்கள். 1928-இல் தீர்ப்பு: இருபது வருடம், நாலு மாதம், ஐந்து நாள். இந்த மூளையை இருபது வருடம் வேலை செய்யாமல் தடுக்க வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் வாதாடியதாகச் சொல்வார்கள்.

அந்த மூளை தூரி என்ற ஊரின் சிறையில் 1929 பிப்ரவரி 8 அன்று முதல் நோட்டைத் திறந்தது.

அவருக்கு முன்னால் இருந்த கேள்வி பெரியது. 1920-இல் ஆலைகளையே கைப்பற்றிய தொழிலாளர்கள் இருந்த நாட்டில், 1922-இல் முசோலினி எப்படி ஆட்சிக்கு வந்தார்? போலீஸும் ராணுவமும் மட்டும்தான் காரணமா? இல்லை என்கிறார் கிராம்ஷி. அரசு என்பது வெளியே தெரிகிற அகழிதான். அதைத் தாண்டினால் உள்ளே கோட்டை மேல் கோட்டையாக நிற்கிறது. பள்ளிக்கூடம், தேவாலயம், பத்திரிகை, சங்கங்கள். அவை வழியாக மேலே இருப்பவர்களின் எண்ணம் கீழே இருப்பவர்களின் மனதுக்குள் வந்து, இதுதான் இயல்பு, இதுதான் முறை என்று உட்கார்ந்துவிடுகிறது. அடி மட்டும் போதாது, ஒப்புதலும் வேண்டும். இதைத் தமிழில் மேலாண்மை, மேலாதிக்கம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொற்கள் முதலில் ஓடவே இல்லை. மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை எங்கள் கம்பெனி ஞாபகம் வந்தது. ஒன்றரை ஷிப்ட் பார்க்கச் சொல்லி யாரும் எங்களை அடித்ததில்லை. நாங்களே அதை முறை என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லோரும் யோசிக்காமலே சரி என்று எடுத்துக்கொள்கிற எண்ணங்களுக்குப் பொதுப்புத்தி என்று ஒரு சொல் இப்போது தமிழில் நிறையப் புழங்குகிறது. அதை கிராம்ஷி எடுத்து ஆராய்ந்த விதம்தான் என்னை அவரிடம் பிடித்துக் கட்டிப்போட்டது. எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் அதிகம் கேட்ட வார்த்தை 'தலையெழுத்து'. மாமியார் சொல்வார், வீட்டுக்காரர் சொல்வார், நானும் சொல்வேன். படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். கிராம்ஷி அப்படித் தள்ளுவதில்லை. போராட்டத்தில் முன்கை எடுக்க முடியாமல், தோற்றுக்கொண்டே இருக்கிறவர்களுக்கு விதியை நம்புவது ஒரு பெரிய தாங்குசக்தி என்கிறார். இப்போது தோற்றிருக்கலாம், காலம் என் பக்கம் இருக்கிறது என்று சொல்லி ஒருவன் உடையாமல் நிற்கிறான். மதத்தை நம்பாத தன் சொந்தத் தோழர்களிடமும் இதே விதி நம்பிக்கை 'வரலாற்றின் போக்கு' என்ற பெயரில் இருப்பதை அவர் காட்டுகிறார். ஆனால் அதே ஆள் எழுந்து பொறுப்பு எடுக்க வேண்டிய நேரம் வந்த பிறகும் விதியையே பிடித்துக்கொண்டிருந்தால் அது அவனைக் கட்டிப்போடும். எங்கள் மாமியாரின் தலையெழுத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து, இவ்வளவு கறாராகவும் பேசிய ஒருவரை நான் அதுவரை படித்ததில்லை.

இன்னொரு இடம். எல்லா மனிதர்களும் சிந்தனையாளர்கள்தான், ஆனால் சமூகத்தில் எல்லோருக்கும் அந்த வேலை கிடைப்பதில்லை என்கிறார். அதற்கு அவர் சொல்லும் உதாரணம்: எப்போதாவது இரண்டு முட்டை பொரிக்கிறவரை நாம் சமையல்காரர் என்று சொல்வதில்லை, கிழிந்த சட்டையைத் தைத்துக்கொள்கிறவரைத் தையல்காரர் என்று சொல்வதில்லை. சரி, நான் தையல்காரிதான். அவர் சொன்னதைத் திருப்பிப் போட்டால் என்ன வரும்? கூலிக்குத் தைக்கிறவளும் தைக்கிற நேரமெல்லாம் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். எந்தக் கூலி வேலையிலும், எவ்வளவு எந்திரத்தனமான வேலையிலும் கொஞ்சமாவது மூளை வேலை உண்டு என்று அவரே பக்கத்தில் எழுதியிருக்கிறார். ஓவர்லாக் மிஷினில் நூல் அறுந்தால் சத்தத்திலேயே எந்தக் கண்டு என்று தெரியும் எனக்கு. அதை யோசனை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை.

கஷ்டம் மனிதரைப் புடம் போடும் என்று மேடையில் பேசுவார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிராம்ஷியும் ஒப்புக்கொள்ளவில்லை. 1933 மார்ச்சில் தன் மனைவியின் அக்கா தாத்தியானாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கப்பல் உடைந்து படகில் தப்பியவர்களை எடுத்துக்கொள். சாப்பாடு இருக்கும்போது கேட்டால், மனித மாமிசம் தின்பதைவிடச் செத்துப்போவேன் என்று எல்லோரும் உண்மையாகவே சொல்வார்கள். நாட்கள் போகப் போக, அணு அணுவாக அவர்கள் மாறிப்போகிறார்கள். கடைசியில் தின்கிற அந்த ஆளும் முதலில் பேசிய ஆளும் ஒருவர்தானா? தனக்குள் அப்படி ஒரு மாற்றம் நடப்பதாக, அதைத் தானே நின்று பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதுகிறார்.

அதைப் படித்த அன்று எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வாரம் நாத்தனார் தன் இரண்டு பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்திருந்தார். வாசலில் குரல் கேட்டதும் நான் பால் பாக்கெட்டை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். எல்லோருக்கும் வரக்காப்பி போட்டேன். சின்னவன், "பால் இல்லையா அத்தே?" என்று கேட்டான். இல்லை என்றேன். என் மகள் என்னைப் பார்த்தாள். ஒரு வருடம் முன்னால் அப்படிச் செய்கிறவளைப் பற்றி நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

கிராம்ஷியைத் தாங்கிப் பிடித்தது சிறையில்லை. ஆட்கள். தாத்தியானா அவருக்காகவே இத்தாலியில் இருந்து, துணியும் மருந்தும் கடிதமும் அனுப்பிக்கொண்டிருந்தார். பியரோ ஸ்ராஃபா என்ற பொருளாதார அறிஞர், பிறகு கேம்பிரிட்ஜ் போனவர், மிலான் நகரத்துப் புத்தகக் கடை ஒன்றில் கணக்குத் திறந்து, வேண்டிய புத்தகத்தை வரவழைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். 1933 நவம்பரில் தூரியை விட்டுக் கிளம்பும்போது, கிராம்ஷி காவலரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, கூட இருந்த கைதி ட்ரொம்பெட்டி நோட்டுகளைப் பெட்டிக்குள் அடியில் வைத்துவிட்டார். அந்த ஒரு நிமிடம் தவறியிருந்தால் இன்று நான் பேச ஒன்றும் இருந்திருக்காது.

உடம்பு தேறவில்லை. 1932 டிசம்பரில் அம்மா இறந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பிறகு குறைக்கப்பட்ட தண்டனைக் காலம் முடிந்த சில நாட்களில், 1937 ஏப்ரல் 27 அன்று, ரோமில் ஒரு மருத்துவமனையில் போய்விட்டார். வயது 46. நோட்டுகளைத் தாத்தியானா காப்பாற்றி மாஸ்கோவுக்கு அனுப்பி வைத்தார். கடிதங்கள் 1947-இல் புத்தகமாக வந்தன, நோட்டுகள் அதற்கு அடுத்த வருடத்திலிருந்து. அடித்தள மக்களைக் குறிக்க அவர் பயன்படுத்திய சொல்லை எடுத்துத்தான் வரலாற்று அறிஞர் ரணஜித் குஹாவும் நண்பர்களும் 1982-இல் இந்திய வரலாற்றை வேறு மாதிரி எழுதத் தொடங்கினார்கள்.

அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தருவதற்கு முந்தின ராத்திரி, கரண்ட் இல்லை. மகளுக்குத் தூக்கம் வரவில்லை. கிராம்ஷி தன் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லி மனைவி யூலியாவுக்கு 1931 ஜூன் 1 அன்று எழுதிய கதை ஒன்று இருக்கிறது. அவர் ஊர்ப் பக்கத்துக் கதை. அதைச் சொன்னேன். தூங்குகிற ஒரு பையனுக்கு வைத்திருந்த பாலை எலி குடித்துவிடுகிறது. பையன் எழுந்து அழுகிறான், அம்மாவும் அழுகிறாள். எலிக்குப் பொறுக்கவில்லை. ஆட்டிடம் ஓடுகிறது. ஆடு, புல் கொடு என்கிறது. வயல், தண்ணீர் கொடு என்கிறது. ஊற்று போரில் இடிந்து கிடக்கிறது, கொத்தனார் வேண்டும். கொத்தனாருக்குக் கல் வேண்டும்.

மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "இது கொழுகொழு கன்றே கதைம்மா!" என்றாள். பேர் மறந்துபோன ஈ, கன்றிடமும் தாயிடமும் இடையனிடமும் போய்க் கேட்குமே, அதேதான். கொழுகொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் இடையா என்று இருட்டில் முழுசாகச் சொல்லி முடித்தாள். அப்புறம், "எலி யார்கிட்ட போச்சு?" என்று கேட்டாள்.

மலையிடம் போனது. வியாபாரிகள் மரத்தையெல்லாம் வெட்டிவிட்டதால், மண் அரித்து எலும்பு தெரிய நிற்கிற மலை. எலி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கல் கொடு, இந்தப் பையன் பெரியவன் ஆனதும் மரம் நடுவான், நான் வாக்குக் கொடுக்கிறேன் என்கிறது. மலை கல் கொடுத்துவிடுகிறது. பையனுக்கு அதில் குளிக்கிற அளவுக்குப் பால் கிடைக்கிறது. வளர்ந்ததும் அவன் மரம் நடுகிறான்.

"நிஜமாவே நட்டானா?" என்றாள். நட்டான் என்று எழுதியிருக்கிறார், பைன், ஓக், செஸ்நட் எல்லாம் என்றேன்.

அந்தக் கடிதம் எழுதும்போது அவருடைய பெரிய மகன் தேலியோவுக்கு ஆறு வயது. சின்னவன் ஜூலியானோவுக்கு நாலு. அவனை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

நன்றி. வணக்கம்.