டன்ஹில் 965, பீட்டர்சன் 965: இரண்டு டின்னையும் திறந்து பார்ப்போம்

வணக்கம். மேசையில் இரண்டு வட்ட டின்கள் இருக்கின்றன, இரண்டிலும் பைப்பில் புகைக்கும் புகையிலை. இடது பக்கம் டன்ஹில் மை மிக்ஸ்சர் 965. வலது பக்கம் பீட்டர்சன் மை மிக்ஸ்சர் 965. எண் ஒன்றுதான், மேலே இருக்கும் பெயர்தான் வேறு. "டன்ஹில் போனதோட அந்த ருசியும் போச்சு, இப்ப வர்றது டூப்ளிகேட்" என்று என் நண்பர் ஒருவர் ஒரே புலம்பல். அவருக்காகத்தான் இந்த வீடியோ. பழக்கம் இல்லாதவர்கள் இதைப் பார்த்துப் புதிதாகப் புகைக்கத் தொடங்க வேண்டாம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆல்ஃபிரெட் டன்ஹில் 1907இல் லண்டன் டியூக் தெருவில் புகையிலைக் கடை திறந்தார். வருகிறவர் கேட்கிற விதத்தில் கலந்து கொடுத்து, அந்தக் கலவையை எண் போட்டு ஒரு பேரேட்டில் எழுதிக்கொள்வார்கள். 965 அப்படி வந்த எண்தான்.

சரி, அளவு எழுதி வைத்திருக்கிறது, யார் செய்தாலும் ஒன்றாகத்தானே வர வேண்டும்? வராது. அம்மா சொன்ன அளவிலேயே மிளகாயும் மல்லியும் வறுத்து வேறு மில்லில் அரைத்துப் பாருங்கள், குழம்பு வேறாகிவிடும். இலை எந்த மண்ணில் விளைந்தது, எவ்வளவு ஆவி காட்டினார்கள், எத்தனை நாள் அழுத்தி வைத்தார்கள், எந்த அகலத்தில் நறுக்கினார்கள், டின்னில் அடைக்கும்போது எவ்வளவு ஈரம் என்பதெல்லாம் அந்த ஆலையின் கைப்பக்குவம். பேரேட்டை வாங்கலாம், அதை வாங்க முடியாது.

965 முதலில் லண்டனில் செய்யப்பட்டது. 1981இல் பெல்ஃபாஸ்ட் மர்ரே கம்பெனிக்குப் போனது. 2005இல் மர்ரே மூடப்பட்டதும் டென்மார்க்கில் ஓர்லிக் கம்பெனி கைக்கு வந்தது. இரண்டு தடவை ஆலை மாறியும் டின் மேல் டன்ஹில் என்றே இருந்தது. பழைய ஆட்கள் லண்டன் டின், மர்ரே டின் என்று பிரித்துப் பேசுவது இதனால்தான். அப்புறம் டன்ஹில் பெயரே பைப் புகையிலையிலிருந்து விலகியது, அதே கலவைகள் பீட்டர்சன் பெயரில் வந்தன. செய்வது ஸ்காண்டிநேவியன் டொபாக்கோ குரூப், அதே டென்மார்க் கைதான்.

இப்போது திறக்கிறேன். என்னுடைய டன்ஹில் டின்னும் டென்மார்க் காலத்துடையது, அதனால்தான் தைரியமாக ஒப்பிடுகிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள். கறுப்பு இழை லட்டாக்கியா, அதாவது புகையில் வாட்டிய இலை; அடுத்த பழுப்பு, ஆவி காட்டி அழுத்திய கேவண்டிஷ்; நடுவில் வெளிறிய துணுக்குகள் ஓரியண்டல் என்ற சிறு இலைப் புகையிலை. இரண்டிலும் நறுக்கு ஒரே மாதிரி. வாசமும் ஒன்றே: விறகடுப்பு அணைந்த மறுநாள் காலையில் சமையலறையில் நிற்குமே, அது. சைப்ரஸில் விறகுப் புகையில் வாரக்கணக்கில் வாட்டிய இலையின் வாசம். டன்ஹில் டின்னில் அது கொஞ்சம் அடங்கி இருக்கிறது. ஆனால் லட்டாக்கியாவின் புகைவாசம் வருஷம் ஆக ஆகத் தானே தணியும். அது வயசு, கலப்படம் இல்லை. பழைய டின்னைப் புது டின்னோடு வைத்துப் பார்க்கிற எல்லோரும் இந்தக் கணக்கைக் கழித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

உண்மையிலேயே மாறிப்போனது எது தெரியுமா? த்ரீ நன்ஸ் என்ற இன்னொரு பைப் புகையிலை. லூசியானாவில் பீப்பாயில் அழுத்திப் புளிக்கவைக்கும் பெரிக் இலைதான் அதற்கு உயிர். உற்பத்தி கைமாறி மாறிக் கடைசியில் மேக் பேரன் கம்பெனியிடம் வந்தபோது பெரிக் இல்லை, அந்த இடத்தில் புகையில் வாட்டிய கெண்டக்கி இலை. நாணயம் போலச் சுருண்ட அதே வடிவம், அதே பெயர். நல்ல புகையிலைதான், ஆனால் அத்திப்பழம் மாதிரி ஒரு புளிப்பு வருமே, அதை அதில் தேடாதீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நண்பருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இரண்டு டின்னிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, லேபிள் ஒட்டாத இரண்டு கண்ணாடி ஜாடியில் போட்டு அனுப்புகிறேன். எது டூப்ளிகேட் என்று அவர் சொல்லட்டும், அடுத்த வீடியோவில் அவரையே உட்காரவைத்துக் கேட்போம்.