மூன்டாவைக் கட்டியவர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"தெற்கு ஆஸ்திரேலியாவின் கார்னிஷ் குடியேற்றத்தைக் கட்டியது சுரங்கமா, வீடா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலிலிருந்து வந்தவர்கள்தான் கார்னிஷ் மக்கள். எதிரணி நண்பர் செம்பைப் பற்றி அழகாகப் பேசினார். 1861இல் மூன்டாவில் செம்பு கிடைத்தது. கார்ன்வாலின் சுரங்கத் தொழிலாளர்கள் குவிந்தார்கள். கேப்டன் ஹான்காக் சுரங்கத்தை நிர்வகித்தார். "குட்டி கார்ன்வால்" பிறந்தது என்றார். எல்லாம் சரி. அவர் சொன்ன கதையில் ஒரு பெண்கூட வரவில்லையே, ஏன்?

கார்ன்வாலில் சுரங்க வாசலில் சுத்தியலால் தாது உடைத்துக் கூலி வாங்கியவர்கள் பெண்கள். "பால் மெய்டன்" என்று அவர்களுக்குப் பெயர்; இங்கே "பால்" என்பது சுரங்கத்தைக் குறிக்கும் கார்னிஷ் சொல். கடல் கடந்து வந்ததும் அந்த வேலை சிறுவர்களின் கைக்குப் போனது. கூலி போயிற்று, உழைப்பு போகவில்லை. அப்படிக் கப்பலேறி வந்த ஒருத்தியின் கண்ணால் அந்த ஊரைப் பாருங்கள்.

மழைக்குப் பஞ்சமில்லாத ஊரில் பிறந்தவள் அவள். மூன்டாவில் தண்ணீர்தான் முதல் கவலை. கூரையிலும் தரையிலும் விழுந்த மழையைத் தொட்டியில் சேர்த்து, அதையே குடித்து, அதிலேயே துவைத்து வாழ்ந்தார்கள். 1870களில் டைஃபாய்டு வந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. குழாய்த் தண்ணீர் வந்து சேர 1890 வாக்கில் ஆயிற்று. அந்த இடைப்பட்ட ஆண்டுகளைச் சுரங்கக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?

வீடாவது சொந்தமா? நிலம் சுரங்கத்தின் குத்தகை நிலம். அதன்மேல்தான் மண்சுவர் எழுப்பிச் சுண்ணாம்பு அடித்தார்கள். அதற்கு முன்பு அதே தெற்கு ஆஸ்திரேலியாவின் பர்ரா செம்புச் சுரங்கத்துக்கு வந்தவர்களின் பாடு இன்னும் கொடிது. ஓடைக்கரையைக் குடைந்து அதற்குள் குடித்தனம் நடத்தினார்கள். மேலே நடப்பவனுக்குக் காலடியில் புகைபோக்கி மட்டும் தெரியும். 1851இல் வெள்ளம் வந்து அந்தக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அதற்குள்ளும் அடுப்பு எரிந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

விடியுமுன் அவள் மாவைத் தேய்த்து, இறைச்சி, உருளைக்கிழங்கு, டர்னிப், வெங்காயம் வைத்து மடித்து, ஓரத்தை முறுக்கி பேஸ்ட்டி செய்வாள். ஒரு முனையில் கணவன் பெயரின் முதல் எழுத்து இருக்கும். பாதி தின்று வைத்துவிட்டு வேலைக்குப் போனவன், இருட்டுச் சுரங்கத்தில் தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொள்ள அந்த ஓர் எழுத்து போதும்.

வீட்டுக்குள்ளேயே இருந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். 1874இல் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தபோது, இயந்திரக் கூடத்தில் வேலையைத் தொடர்ந்தவர்களை மூன்டாவின் பெண்கள் விளக்குமாறுகளோடு போய்த் துரத்தினார்கள்!

1923இல் சுரங்கம் மூடப்பட்டது. பலர் பிழைப்புத் தேடிப் போனார்கள், ஆனால் ஊர் கலையவில்லை. 1973 முதல் அந்த வட்டாரம் கார்னிஷ் திருவிழா எடுக்கிறது. அங்கே இன்றும் மக்கள் வாங்கித் தின்பது அவள் மடித்த அதே பேஸ்ட்டியைத்தான். நடுவர் அவர்களே, செம்பை ஒரு தட்டில் வைத்திருக்கிறார்கள். அவளுடைய தண்ணீர்ப் பாத்திரத்தையும் விளக்குமாற்றையும் மறு தட்டில் வைத்துவிட்டு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.