தீயை அணைத்த கைகளுக்கு வேலை தர ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது?

[காட்சி: மேசையின் மீது ஒரு கருவி. கேமரா மெல்ல நெருங்குகிறது.]

இந்தக் கருவியின் பெயர் மெக்லியோட். நீண்ட மரப்பிடியும், அதன் முனையில் அகன்ற இரும்புத் தகடும் கொண்ட இதன் ஒரு விளிம்பு மண்வெட்டியைப் போலக் கூராகவும், மறு விளிம்பு தடித்த பற்களோடும் இருக்கும். கூர் விளிம்பால் புல்லையும் வேரையும் வெட்டி, பற்களால் சருகை வாரி ஒதுக்கி, அடியில் வெறும் மண் தெரியும்வரை சுரண்டுவதற்காகவே இதைச் செய்திருக்கிறார்கள். காட்டுத்தீயை எதிர்கொள்ளும் கருவிகளில் இது மிக எளியது. இதற்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பல பத்தாண்டுகளாக இந்தக் கருவியைப் பிடித்து வரும் கைகளில் கணிசமானவை சிறைவாசிகளின் கைகள். உள்ளே இருந்தபோது அரசே கற்றுக்கொடுத்த இந்தத் தொழிலை, விடுதலையாகி வெளியே வந்த பிறகு அவர்களால் ஏன் செய்ய முடியாமல் போனது, அந்தத் தடையை யார் தளர்த்தினார்கள், அதில் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

[காட்சி: மலைச்சரிவில் வரிசையாக வேலை செய்யும் ஆரஞ்சு உடைக்காரர்கள்.]

கலிபோர்னியா சிறைத்துறை 1915ஆம் ஆண்டிலேயே சாலை போடுவதற்காகச் சிறைவாசிகளை முகாம்களுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது உடல் வலுவுள்ள ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, காட்டுத்தீயை அணைக்க ஆள் இல்லாத நிலை வந்தது. அப்போது 41 தற்காலிக முகாம்கள் அமைக்கப்பட்டன. போர் முடிந்த பிறகும் அந்த ஏற்பாட்டைக் கைவிட மனமில்லாத அரசு, 1946இல் ரெயின்போ என்ற இடத்தில் முதல் நிரந்தர முகாமைத் திறந்தது. இன்று மாநிலம் முழுவதும் சுமார் 35 முகாம்கள் இருக்கின்றன. சிறைத்துறையும், கால் ஃபயர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாநிலக் காட்டுத்தீ தடுப்புத் துறையும் சேர்ந்து அவற்றை நடத்துகின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்துச் சில முகாம்களில் அந்த மாவட்டத் தீயணைப்புத் துறை இந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறது.

முகாம் வேலைக்கு யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்புவதில்லை. தானாக முன்வருபவர்களில் நன்னடத்தை உள்ளவர்கள், விடுதலைக்குச் சில ஆண்டுகளே மீதமிருப்பவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். தீவைப்புக் குற்றத்துக்காகவோ பாலியல் குற்றத்துக்காகவோ தண்டிக்கப்பட்டவர்களுக்கும், தப்பியோட முயன்றவர்களுக்கும் இடமில்லை. ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் களம் என்று பயிற்சி முடிந்ததும் அவர்கள் குழுவில் சேர்க்கப்படுகிறார்கள். முகாமில் ஒரு நாள் தீயணைப்புக் குழுவில் கழித்தால், பெரும்பாலானோருக்குத் தண்டனையில் கூடுதலாக இரண்டு நாள்கள் கழிக்கப்படும். சிறைச்சுவருக்குள் கிடைக்காத திறந்தவெளியும் ஓரளவு நல்ல சாப்பாடும் கிடைப்பதால் முகாமுக்குப் போக விரும்புபவர்கள் உண்டு.

இவர்களுடைய வேலை என்ன? முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் கோடை தொடங்குவதற்கு முன் வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடு அமைக்கும் செய்தியை நீங்கள் நாளிதழில் படித்திருப்பீர்கள். சாலையோரத்திலும் காட்டின் எல்லையிலும் உள்ள புல்லையும் புதரையும் அகற்றி, தீ தாண்ட முடியாத வெற்றுநிலப் பட்டை ஒன்றை உண்டாக்குவதுதான் அது. கலிபோர்னியாவின் சிறைக்குழுக்கள் செய்வதும் இதுவே. ஆனால் தீ வருவதற்கு முன்பு மட்டுமன்றி, அது எரிந்துகொண்டிருக்கும்போது, அதன் ஓரமாகவே நின்று செய்கிறார்கள். முன்னால் ஒருவர் இயந்திர ரம்பத்தால் மரக்கிளைகளை அறுத்துத் தள்ள, அடுத்தவர் அவற்றை இழுத்து எறிய, அவருக்குப் பின்னால் ஒருபுறம் கோடரியும் மறுபுறம் கொத்தும் கொண்ட புலாஸ்கியால் வேரைப் பிளப்பவர்கள், கடைசியில் மெக்லியோட் பிடித்து மண்ணைச் சுரண்டுபவர்கள் என்று பதின்மூன்று, பதினான்கு பேர் ஒரே வரிசையில் மலையேறுவார்கள். ஒரு முறை வேலைக்கு இறங்கினால் 24 மணி நேரம் தொடர்வது வழக்கம். தீ சரிவில் மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைத் தமிழ்நாட்டுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேற்றக்காரர்கள் சிக்கிக்கொண்டது நினைவிருக்கும்.

ஆபத்து தீயால் மட்டும் வருவதில்லை. 2016 பிப்ரவரியில் மாலிபு அருகே எரிந்த ஒரு சிறு தீயை அணைக்கச் சென்ற பெண்கள் குழுவில் இருந்த 22 வயதுப் பெண் ஒருவர், மேலிருந்து உருண்டு வந்த பாறை தலையில் விழுந்து இறந்தார். அவர் விடுதலையாக இன்னும் இரண்டு மாதங்கள்கூட இல்லை.

[காட்சி: கறுப்புத் திரையில் எண்கள் மட்டும்.]

இந்த வேலைக்கான கூலி நெடுங்காலம் நாளொன்றுக்கு 5.80 டாலரிலிருந்து 10.24 டாலர் வரை இருந்தது. தீ எரியும் இடத்தில் நிற்கும்போது மணிக்கு ஒரு டாலர் கூடுதல். அதே மாநிலத்தில் 2025இல் சாதாரணத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்று என்பது சிறையின் நான்கு சுவராக இருக்கும்போது இதை விருப்பப் பணி என்று அழைப்பதே பொய் என்பவர்கள் உண்டு. அந்த முகாமில்தான் முதன்முதலாக நான் ஒரு மனிதனாக மதிக்கப்பட்டேன் என்று சொல்லும் முன்னாள் சிறைவாசிகளும் உண்டு. இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த விவாதம் பெரும்பாலும் முகாம் வாசலோடு நின்றுவிடுகிறது. அரசு இவர்களது உழைப்பை உண்மையில் எப்படி மதிக்கிறது என்பது வாசலைத் தாண்டிய பிறகே தெரியும்.

வாசலுக்கு வெளியே நடந்தது இதுதான்.

ஊர்களிலும் நகரங்களிலும் உள்ள தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி மருத்துவ உதவிக்கானவை. நெஞ்சுவலி, சாலை விபத்து, மயக்கம் என்று எதற்கு அழைத்தாலும் தீயணைப்பு வண்டியும் சேர்ந்து வரும். ஆகவே அங்கே தீயணைப்பு வீரராகச் சேர வேண்டுமானால் இஎம்டி எனப்படும் அவசர மருத்துவ உதவியாளர் சான்றிதழ் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் கேட்கப்படுகிறது. அந்தச் சான்றிதழை வழங்கும் கலிபோர்னிய விதியோ, பெருங்குற்றம் ஒன்றில் தண்டனை பெற்றவருக்கு விடுதலைக்குப் பின் 10 ஆண்டுகளும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பெருங்குற்றங்களில் தண்டனை பெற்றவருக்கு ஆயுள் முழுவதும் கதவை மூடியது. அதாவது, நேற்றுவரை அரசின் ஆணைப்படி தீக்குள் இறங்கியவர், இன்று விண்ணப்பப் படிவத்தின் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறார். அவருடைய திறமையைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ யாரும் கேட்பதற்கு முன்பே விஷயம் முடிந்துவிடுகிறது.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிட்டு மேலே செல்வது நல்லது. நம் ஊரில் பரோல் என்றால் சிறைவாசி சில நாள்கள் வீட்டுக்கு வந்து போகும் விடுப்பு. அங்கே அது சிறையிலிருந்து வெளியே வந்த பிறகு தொடரும் கண்காணிப்புக் காலம். அந்தக் காலத்தில் வேலையும் இருப்பிடமும் இல்லாமல் தடுமாறுபவர் மீண்டும் பழைய இடத்துக்கே போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம் என்பதால், வேலைக்கான கதவு மூடியிருப்பது அவருக்கு வருமானப் பிரச்சினை மட்டுமல்ல.

பிராண்டன் ஸ்மித், ராயல் ரேமி என்ற இருவர் இப்படியொரு சிறைமுகாமில்தான் ஒருவரையொருவர் சந்தித்தார்கள். விடுதலையான பிறகு இதே தொழிலைத் தொடர விரும்பிய அவர்கள், யாரிடம் கேட்பது, எந்தச் சான்றிதழ் வேண்டும், எந்தத் துறை முன்னாள் சிறைவாசிகளை ஏற்கும் என்று வழிகாட்ட ஒருவரும் இல்லாமல் அலைந்தார்கள். தேடியபோது ஒரு சந்து தென்பட்டது: காட்டுத்தீயை மட்டுமே கையாளும் வேலைகளுக்கு, குறிப்பாக மத்திய அரசின் வனத்துறைக்கு, அந்த மருத்துவச் சான்றிதழ் கட்டாயமில்லை. அந்தச் சந்து வழியே நுழைந்து அவர்கள் இருவரும் சம்பளம் பெறும் காட்டுத்தீ வீரர்களானார்கள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அது இரண்டு தனிமனிதர்களின் வெற்றி. நம் சமூக ஊடகங்களுக்கு அதுவே போதுமானதாகவும் இருந்திருக்கும். அவர்கள் அதோடு நிற்கவில்லை. தங்களுக்குப் பின்னால் வருபவர்கள் அதே அலைச்சலை மறுபடி அலையக் கூடாது என்று, காட்டுத்தீ வேலைக்கு ஆள் சேர்த்துப் பயிற்சி தரும் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றைச் சேர்ந்து தொடங்கினார்கள். விண்ணப்பத்தை நிரப்பக் கற்றுக்கொடுப்பது, காலாவதியான பயிற்சிச் சான்றுகளைப் புதுப்பிப்பது, வேலை கிடைக்கும்வரை கூலியோடு களப்பயிற்சி கொடுப்பது ஆகியவை அதன் பணி. சாதாரணமாகத் தோன்றும் இந்த உதவியின் மதிப்பு, முகாமில் கழித்த ஆண்டுகளை வேலை அனுபவம் என்று ஒரு படிவத்தில் எழுதலாமா என்று தயங்கி நிற்பவருக்குத்தான் புரியும். எழுதலாம் என்று சொல்பவர் அதே முகாமிலிருந்து வந்தவராக இருந்தால், அந்தச் சொல்லுக்கு எடை கூடுகிறது. வேறொரு பாதையும் இதே காலத்தில் திறந்தது. வெஞ்சுரா மாவட்டத்துக் கமாரில்லோவில் 2018இல் அரசுத் துறைகளும் ஒரு தொண்டு அமைப்பும் சேர்ந்து பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கின. முகாமில் பணிபுரிந்து பரோலில் இருப்பவர்களுக்கு அங்கே 18 மாதப் பயிற்சி கிடைக்கிறது.

[காட்சி: புகையால் செம்மஞ்சளாகிவிட்ட பகல் வானம்.]

2020ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் 40 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலம் எரிந்தது. அதே ஆண்டு கொரோனாவால் சிறைகளில் நோய் பரவ, முகாம்கள் தனிமைப்படுத்தப்பட்டன. பலர் தண்டனை முடிவதற்கு முன்பே விடுவிக்கப்பட்டார்கள். தீ உச்சத்தில் இருக்கும்போது ஆள்கள் இல்லை. ஆனால் அதே வேலையில் தேர்ந்தவர்கள் ஊரில் வேலையின்றி இருக்கிறார்கள். இந்த முரண் அதுவரை ஒரு சிலரின் குறையாக இருந்தது. அந்த ஆண்டு எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிந்தது. எலோய்ஸ் கோமெஸ் ரெயஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த ஏபி 2147 என்ற மசோதாவில், 2020 செப்டம்பர் 11 அன்று, தீயில் எரிந்துபோன பகுதியிலேயே நின்று ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம் செய்வது என்ன? முகாமில் வெற்றிகரமாகப் பணியாற்றி விடுதலையான ஒருவர் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். அவர் உண்மையிலேயே முகாமில் ஒழுங்காகப் பணியாற்றினார் என்று சிறைத்துறை சான்றளிக்க வேண்டும். அரசு வழக்கறிஞருக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். நீதிபதிக்கு மனநிறைவு ஏற்பட்டால், குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலத்தை விலக்கிக்கொள்ள அனுமதித்து, வழக்கைத் தள்ளுபடி செய்வார். அதன் பிறகு மாநில உரிமம் கேட்கும் பெரும்பாலான விண்ணப்பங்களில் அந்தப் பழைய தண்டனையைக் குறிப்பிட வேண்டியதில்லை. கொலை, ஆள்கடத்தல், தீவைப்பு, பாலியல் குற்றங்கள் போன்றவற்றுக்கு இந்த வாய்ப்பு கிடையாது.

சட்டம் வந்துவிட்டது என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். இது தானாகக் கிடைக்கும் உரிமையல்ல. மனுதாரர்தான் கேட்க வேண்டும், முடிவு நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்பட்டது. மனு எழுத வழக்கறிஞர் வேண்டும்; சிறையிலிருந்து வெளியே வந்த கையோடு வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்கும் நிலையில் பலர் இருப்பதில்லை. அதனால் முன்னாள் சிறைவாசிகளின் அமைப்புகள், மெக்லியோட் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதோடு, இலவசச் சட்ட உதவிக்கு வழிகாட்டும் வேலையையும் தோளில் சுமக்க வேண்டியிருக்கிறது.

கூலி விஷயமும் மெதுவாகவே நகர்ந்தது. சிறையில் கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் திருத்தம் 2024 நவம்பரில் கலிபோர்னிய மக்களிடம் வாக்கெடுப்புக்கு வந்தபோது தோற்றுப்போனது. இரண்டு மாதம்தான் கழிந்திருந்தது; 2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஓரங்களில் பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரு பெருந்தீக்கள் மூண்டு, 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறைவாசிகள் அந்தத் தீயின் முன் நிறுத்தப்பட்டார்கள். செல்வந்தர்களின் வீடுகளைக் காக்க ஆரஞ்சு உடையில் வரிசையாக ஏறியவர்களின் படங்கள் உலகமெங்கும் பரவின. அதே ஆண்டு அக்டோபரில், தீ எரியும் களத்தில் பணியாற்றும் நேரத்துக்கு மணிக்கு 7.25 டாலர் தர வேண்டும் என்ற சட்டம் கையெழுத்தானது. அது அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி. மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியில் பாதியைக்கூட எட்டவில்லை என்றாலும், பழைய கணக்கோடு ஒப்பிட்டால் பெரிய ஏற்றம்.

[காட்சி: மீண்டும் மலைச்சரிவு. மஞ்சள் சட்டை அணிந்த ஒரு குழு.]

தீக்களத்தில் நிற்பவர்களைத் தொலைவிலிருந்தே பிரித்தறிய முடியும். சிறைக்குழுவினருக்குத் தலை முதல் கால் வரை ஆரஞ்சு நிறம். சம்பளம் பெறும் காட்டுத்தீ வீரர்களுக்கு மஞ்சள் சட்டை. கையிலிருக்கும் கருவியும், அறுக்கும் கிளையும், சுரண்டும் மண்ணும் இரு தரப்புக்கும் ஒன்றுதான். அந்த மஞ்சள் சட்டைக்காரர்களில் சிலர் இதே மலையில் முன்பு ஆரஞ்சு உடையில் ஏறியவர்கள். பக்கத்துச் சரிவில் வேலை செய்யும் சிறைக்குழுவில் யார் எப்போது விடுதலையாகப் போகிறார், அவர் எந்தப் படிவத்தை எங்கே போய் வாங்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.