மலைச் சைக்கிளின் நதிமூலம்

மரியாதைக்குரிய தலைவர் அவர்களே, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போக்குவரத்து நெரிசலையும் வென்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டத்தோ அவர்களே, அவருடைய துணைவியார் அவர்களே, கோவில் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னை அளவுக்கு மீறிப் புகழ்ந்த செயலாளர் அவர்களே, சேறு காயாத காலணியோடு பின்னால் நிற்கும் இளைஞர்களே, வணக்கம்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்பார்கள். நான் பார்க்கிறவன். அமெரிக்காவில் 1986இல் பாப் பக்லி தொடங்கிய மரின் சைக்கிள் நிறுவனம், பிறந்த மண்ணை மறக்காமல் இருக்கிறதா என்று பேசச் சொன்னார்கள். பிறப்பு, பெயர் இரண்டையும் தொட்டுவிடுகிறேன்.

மலைச் சைக்கிளின் பிறப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மண்சாலை. ஏறத்தாழ 1,300 அடி இறக்கம். 1976 அக்டோபரில் சில இளைஞர்கள் அதில் பந்தயம் வைத்தார்கள். வண்டிகளோ ஓட்டியவர்களைவிட வயதில் மூத்த பழைய ஷ்வின் கம்பெனி சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். கல், பள்ளம், வளைவு. மிதி, மிதி என்று மிதித்துக்கொண்டே இறங்க வேண்டும். அடிவாரம் வருவதற்குள் பின்சக்கர அச்சிலிருந்த கிரீஸ் வெந்து புகையாகிவிடும். டத்தோவே சிரிக்கிறார்! சக்கரத்தைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தச் சாலைக்கே ரீபேக், அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர் விழுந்தது. அந்த இளைஞர்களில் ஒருவரான கேரி ஃபிஷர் அதை 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கிக் கடந்தார். இன்னொருவரான ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே ஒரு வண்டி செய்தார்.

மரின் இவர்கள் தொடங்கியது அல்ல. பத்தாண்டு கழித்து வந்தது. ஃபிரேம்களும் ஆசியத் தொழிற்சாலைகளில்தான் உருவாகின்றன. ஆனாலும் ஃபேர்ஃபேக்ஸ், பைன் மவுண்டன், மியூர்வுட்ஸ் என்று தன் வண்டிகளுக்கு அந்த மண்ணின் பெயர்களையே வைக்கிறது. அந்த கேரி ஃபிஷரின் பெயரிலிருந்த நிறுவனத்தையே 1993இல் டிரெக் என்ற சைக்கிள் நிறுவனம் வாங்கியது. பிறகு அது தனி நிறுவனமாக நிலைக்கவில்லை. அதை நினைத்தால், மரின் பெயரைக் காப்பாற்றியிருப்பதே பெரிய காரியம் என்பேன்.

சரி, நதிமூலம் பார்க்காதே என்று நாமும் இருந்துவிட்டால், நம் கோலாலம்பூர் புக்கிட் கியாராவின் மூலத்தை யார் பார்ப்பது? ஞாயிறு காலையில் நாம் வண்டி உருட்டும் அந்த மண் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவியவர்கள் நம் பாட்டிமார். கலிபோர்னியாக்காரன் தன் மலையின் பெயரை ஃபிரேமில் எழுதி உலகம் முழுக்க விற்கிறான். இங்கே நேற்று வந்த என் மருமகன், அது தொன்றுதொட்டுக் காடு என்றே நம்புகிறான்!

பாதை தொடங்கும் இடத்தில் தோட்டத்து வரலாற்றைத் தமிழிலும் மலாயிலும் சொல்லும் ஒரு பலகை வேண்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் வரியை டத்தோ அவர்களின் கையெழுத்துக்காகக் காலியாக வைத்திருக்கிறோம். பேனா என் சட்டைப்பையில் தயாராக இருக்கிறது, டத்தோ.