வேலிக்குள் வளர்ந்தவர்கள்: ஆக்வொர்த் பள்ளியின் கதை

எல்லோருக்கும் வணக்கம். குவேக்கர் பள்ளி ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "ஓட்ஸ் கம்பெனி நடத்துகிற பள்ளியா?" என்று கேட்டார்கள். நியாயமான சந்தேகம்தான். நம்மில் பலருக்குத் தெரிந்த ஒரே குவேக்கர், அந்தப் பாக்கெட்டில் தொப்பி போட்டுச் சிரிக்கும் தாத்தா. அந்தக் கம்பெனிக்கும் இந்தச் சமயத்தாருக்கும் எந்த உறவும் கிடையாது. நாணயமானவர்கள் என்று இவர்களுக்கு ஊரில் இருந்த நல்ல பெயரைக் கம்பெனி தனக்கு வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

நிஜக் குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றித் திரண்ட கிறிஸ்தவப் பிரிவினர். இவர்களுக்குப் பாதிரியார் கிடையாது, பூசையும் கிடையாது. ஓர் அறையில் கூடிப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள், அதுதான் வழிபாடு. மனதில் ஏதாவது எழுந்தால் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், பெண்களும் பேசலாம். பிரபுவே வந்தாலும் தொப்பியைக் கழற்றமாட்டார்கள். நீதிமன்றத்தில் சத்தியம் செய்யமாட்டார்கள், ஆயுதமும் எடுக்கமாட்டார்கள். இதற்காக ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள்.

அரசு திருச்சபையின் கொள்கையை ஏற்காதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பட்டம் தரவில்லை. அதனால் வக்கீல், பாதிரியார் போன்ற வேலைகளுக்கான வழியும் அடைபட்டது. குவேக்கர்கள் வியாபாரத்தில் இறங்கினார்கள். கேட்பரி சாக்லேட், பார்க்லேஸ் வங்கி எல்லாம் அப்படி வந்தவை. சரி, வியாபாரி ஆனவன் பிள்ளையைப் படிக்கவைப்பான். கிராமத்தில் சிதறிக் கிடந்த ஏழைக் குவேக்கர் என்ன செய்வார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர் ஜான் ஃபாதர்கில். யார்க்‌ஷயர்க்காரர், லண்டனில் பெரிய மருத்துவர். தொண்டைப்புண் நோயைப் பற்றி 1748இல் அவர் எழுதிய நூல் மருத்துவ உலகில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. செடிகொடிப் பைத்தியமும் உண்டு. அமெரிக்கக் காலனிகளோடு போர் மூளாமல் தடுக்க, பெஞ்சமின் ஃபிராங்க்ளினோடு சேர்ந்து சமரசத் திட்டம் தயாரித்தவரும் இவர்தான். அது பலிக்கவில்லை. பள்ளி பலித்தது.

அந்தப் பள்ளிக் கட்டடத்துக்கு ஒரு சோகமான முன்கதை உண்டு. லண்டனில் தாமஸ் கோரம் தொடங்கிய அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்கு, வருகிற எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள் என்று சொல்லி 1756இல் நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. நான்கே ஆண்டுகளில் ஏறக்குறைய 15,000 குழந்தைகள் வந்து குவிந்தன. பெரும்பாலானவை பிழைக்கவில்லை. கூட்டத்தைச் சமாளிக்க வெளியூர்களில் கிளைகள் திறந்தார்கள். அவற்றில் ஒன்று யார்க்‌ஷயரில் பாண்டிஃபிராக்ட் பக்கத்திலுள்ள ஆக்வொர்த் கிராமத்தில் அமைந்தது. அரண்மனை மாதிரி கட்டினார்கள். அப்புறம் அரசு பணத்தை நிறுத்தியது, 1773இல் கிளையை மூடிவிட்டார்கள். நல்ல கல் கட்டடம் வாங்க ஆளில்லாமல் நின்றது. ஃபாதர்கில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டு, 84 ஏக்கர் நிலத்தோடு 7,000 பவுண்டுக்குக் குவேக்கர்களை வாங்கவைத்தார். 1779 அக்டோபரில் பள்ளி திறந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

வசதியில்லாத குவேக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளி என்று முதலிலேயே எழுதிவைத்தார்கள். சாப்பாடு, உடுப்பு, படிப்பு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 8 கினி (ஒரு கினி என்பது ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல்). முதல் நாளிலிருந்தே பையன்களும் பெண்களும் சேர்ந்தார்கள். முதலில் வந்தவர்களே உடன்பிறந்த ஒரு பையனும் பெண்ணும்தான். 1779இல் இது சின்ன விஷயமில்லை. அதற்காக ஒன்றாக விளையாடினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்கள் பக்கம், பையன்கள் பக்கம் என்று கறாராகப் பிரித்திருந்தார்கள்.

பள்ளியின் நோக்கமே வேலி போடுவதுதான். வெளியுலகக் காற்று பிள்ளைகள் மேல் படக்கூடாது. பாட்டு, நடனம், நாடகம் எதுவும் கிடையாது. உடுப்பில் அலங்காரம் ஆகாது. ஞாயிறு, திங்கள் என்ற பெயர்களில் பழைய தெய்வங்கள் ஒளிந்திருக்கின்றனவாம். அதனால் முதல் நாள், இரண்டாம் நாள் என்றுதான் சொல்லவேண்டும். இன்னொரு கொடுமை, நீண்ட காலத்துக்கு விடுமுறையே கிடையாது. ஒன்பது பத்து வயதில் உள்ளே போன பிள்ளை, வீட்டு முகம் பார்க்காமல் சில வருடங்கள் அங்கேயே கிடக்கும். அன்பான மனிதர்கள் நல்லெண்ணத்தோடு செய்ததுதான். படிக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை.

இத்தனை கட்டுப்பாட்டுக்குள் அழகு எங்கே புகுந்தது என்றால், பெண் பிள்ளைகளின் ஊசி நுனியில். துணியில் எழுத்தும் கட்டங்களும் தைத்துப் பழகும் வேலை அன்று எல்லாப் பெண் பள்ளிகளிலும் உண்டு. ஆக்வொர்த் பெண்கள் பூவும் பறவையும் அள்ளித் தெளிக்காமல், எண்கோணப் பதக்க வடிவங்களையும் பாதிப் பதக்க வடிவங்களையும் பெரும்பாலும் ஒரே நிறத்தில், கணக்குப் பிசகாமல் தைத்தார்கள். நம் ஊர்ப் புள்ளிக் கோலம் போடுகிறவர்கள் பார்த்தால், இது நம்ம கை என்பார்கள். ஆக்வொர்த்தைப் பார்த்து 1799இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வெஸ்ட்டவுன் என்ற குவேக்கர் பள்ளி தொடங்கியபோது, இந்தப் பதக்க வடிவமும் கடல் கடந்து போனது. அங்கே பெண்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பட்டுத் துணியில் பூகோள உருண்டையே தைத்துவிட்டார்கள். கண்டங்கள், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் நூலால். வேலிக்குள் இருந்த பெண்கள் மடியில் உலகத்தையே வைத்திருந்தார்கள்.

வேலி தாண்டிப் போனவர்கள் என்ன ஆனார்கள்? 1820களின் தொடக்கத்தில் இங்கே கொஞ்ச காலம் படித்தவர் ஜான் பிரைட். பின்னாளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மிகச் சிறந்த பேச்சாளர்களில் ஒருவர். ரஷ்யாவோடு கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த 1855இல், நாடே வெறியில் இருந்தபோது எழுந்து நின்று, "மரண தூதன் இந்த நாடெங்கும் உலவிக்கொண்டிருக்கிறான், அவன் சிறகடிக்கும் ஓசை ஏறக்குறைய உங்கள் காதில் விழுகிறது" என்றார். போரை எதிர்த்ததற்காகத் தேர்தலில் தோற்கவும் செய்தார். இவரைக் குவேக்கர் பள்ளியின் பிள்ளை என்று யாரும் சொல்லிவிடலாம்.

எனக்குச் சுவாரசியமானவர் அடுத்தவர், ஜேம்ஸ் வில்சன். கம்பளி ஆலை வைத்திருந்த குவேக்கர் வீட்டுப் பையன், ஆக்வொர்த்தில் படித்தவர், 1843இல் 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர். குவேக்கர் அல்லாத பெண்ணைக் கல்யாணம் செய்து சபையை விட்டு விலகிவிட்டார். 1857 எழுச்சியை அடக்கிய செலவில் இந்திய அரசு கடனில் மூழ்கியபோது, நிதியைச் சீர்செய்ய இவரைத்தான் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். 1860இல் முதல் பட்ஜெட் போட்டு, வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆம், நாம் இன்றும் கட்டுகிறோமே, அதன் தொடக்கம் இதுதான். போரே கூடாது என்று சொல்லித்தந்த பள்ளியில் படித்தவர், போர்க்கடனை அடைக்க வரி போட்டார்!

இந்த வரியைக் கடுமையாக எதிர்த்தவர் நம் சென்னையின் ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன், சென்னையில் பீப்பிள்ஸ் பார்க் அமைத்தாரே, அவர்தான். எதிர்ப்பைப் பத்திரிகையில் வெளியிட்டே விட்டார், பதவி போயிற்று. வில்சன் அதே 1860 ஆகஸ்டில் வயிற்றுக்கடுப்பு கண்டு கல்கத்தாவில் இறந்தார். வேடிக்கை என்னவென்றால், சில ஆண்டுகளில் ட்ரெவெல்யனே அந்த நிதி நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். 1865இல் அந்த வரி எடுக்கப்பட்டது. பிறகு திரும்பி வந்தது உங்களுக்குத் தெரியும்.

இன்னொருவர், கவிஞர் பேசில் பன்ட்டிங். ஆக்வொர்த்திலும் பிறகு லெய்ட்டன் பார்க் என்ற இன்னொரு குவேக்கர் பள்ளியிலும் படித்தவர். 1918இல், பதினெட்டு வயதில், ராணுவத்தில் சேரமாட்டேன் என்று சொல்லிச் சிறைக்குப் போனார். அதே மனிதர் இரண்டாம் உலகப் போரில் தானாக முன்வந்து விமானப் படையில் சேர்ந்து, பாரசீகத்தில் உளவுப் பிரிவில் வேலை பார்த்தார். ஹிட்லர் வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. பள்ளி தந்த பாடத்தை இவர் மறந்தார் என்று நான் சொல்லமாட்டேன். மனசாட்சி சொல்வதைக் கேள் என்று பழக்கினால், அது என்ன சொல்லும் என்பதையும் பள்ளியே முடிவு செய்ய முடியாதல்லவா?

பழைய வேலிகள் இப்போது இல்லை. பாட்டு வந்தது, நாடகம் வந்தது, விடுமுறை வந்தது. பிரிட்டனின் குவேக்கர் பள்ளிகளில் இன்று குவேக்கர் பிள்ளைகள் சிறுபான்மைதான். மௌனக் கூடுகை மட்டும் தொடர்கிறது. ஆனால் 8 கினிக்கு ஏழைப் பிள்ளைகளை வளர்த்த வழியில் வந்தவை, இன்று வசதியுள்ளவர்கள் கட்டணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளிகள். சமத்துவம் பேசுகிற நாம் இப்படிப்பட்ட பள்ளி நடத்தலாமா என்று குவேக்கர்களுக்குள்ளேயே கேட்கிறவர்கள் உண்டு. உதவித்தொகை தருகிறோமே என்பார்கள் மறுபக்கத்தார். குவேக்கர் கூட்டங்களில் ஓட்டெடுப்பு என்ற வழக்கமில்லை. எல்லோருக்கும் இசைவு வரும்வரை பேசுவார்கள், நடுநடுவே பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் இந்த விவாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.