பேட்லி தொகுதியில் போட்டியிடாதவர்கள்

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இளைஞர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

அவையோருக்கு வணக்கம். தேர்தல் மேடைகளில் ஏறப்போகிற பிள்ளைகள் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களை நினைத்துத்தான் பேச வந்தேன்.

2016 ஜூன் 16, வியாழக்கிழமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்ற சர்வசன வாக்கெடுப்புக்குப் பிரித்தானியாவில் சரியாக ஒரு வாரம் இருந்தது. மேற்கு யோர்க்‌ஷயரில் பர்ஸ்டல் என்ற சிறிய ஊரின் நூலகத்துக்கு, தொகுதி மக்களின் குறை கேட்கப் போனார் தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ கொக்ஸ். வெளியிலேயே அவரைச் சுட்டும் குத்தியும் கொன்றுவிட்டான் ஒருவன். அவருக்கு 41 வயது, இரண்டு சின்னக் குழந்தைகள். தடுக்க ஓடிய 77 வயது முதியவரும் கத்திக்குத்துக்கு ஆளானார். அவர் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்.

நீதிமன்றத்தில் பெயர் கேட்டபோது கொலைகாரன் 'துரோகிகளுக்கு மரணம்' என்றான். துரோகி! அந்தச் சொல் நம் நாட்டில் எத்தனை உயிர்களைத் தின்றது என்று என் வயதுக்காரர்களைக் கேளுங்கள். யாரையாவது அப்படி அழைக்கும் கூட்டத்தில் கைதட்டாதீர்கள், பிள்ளைகளே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்று காலையில்தான் விலகல் அணியின் நைஜல் ஃபராஜ் ஒரு சுவரொட்டியை வெளியிட்டிருந்தார். அகதிகள் நீண்ட வரிசையில் வரும் படம் அது. அந்தச் சுவரொட்டிதான் கொலை செய்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தியாவிலிருந்து களவாக வந்தவர்கள் என்று எங்களை இழிக்கும் 'கள்ளத்தோணி' என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். 1948இல் ஒரு சட்டத்தால் குடியுரிமையை இழந்த சனத்தின் பிள்ளை. மனிதர்களை வெறும் கூட்டமாகக் காட்டும் படத்தைப் பார்த்தால் என் வயிறு கலங்குகிறது.

கொலைக்குப் பிறகு இரு அணிகளும் பிரசாரத்தை நிறுத்தின. மறுநாள் பிரதமர் டேவிட் கமரூனும் எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பினும் சேர்ந்தே பர்ஸ்டலுக்குப் போய் மலர் வைத்தார்கள். நாடாளுமன்றம் கூடியபோது ஜோ கொக்ஸின் வெற்று இருக்கையில் ரோஜா மலர்கள் இருந்தன. ஆனால் மூன்றாம் நாளே பிரசாரம் திரும்பியது. மரணத்தை வைத்து வாக்குச் சேர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் கூடவே வந்தது. ஜூன் 23இல் 51.9 வீதத்தினர் விலகலுக்கு வாக்களித்தார்கள்.

மலரையும் மௌனத்தையும் நான் குறைத்துப் பேசவில்லை. என் மனதில் நிற்பது வேறொன்று. ஜோ கொக்ஸின் மரணத்தால் வெற்றிடமான பேட்லி – ஸ்பென் தொகுதியில் 2016 அக்டோபரில் இடைத்தேர்தல் வந்தது. ஆளும் பழமைவாதக் கட்சி வேட்பாளரை நிறுத்தவில்லை. லிபரல் ஜனநாயகவாதிகளும் பசுமைக் கட்சியும் நிறுத்தவில்லை. ஃபராஜின் கட்சிகூட ஒதுங்கிக்கொண்டது. போட்டியிட்ட தீவிர வலதுசாரிகள் கட்டுப்பணத்தை இழந்தார்கள். அனுதாபத்துக்காகக் கட்சிகள் ஓர் ஆசனத்துக்கான போட்டியையே விட்டுக்கொடுத்தன.

இங்கே என்ன நடந்தது? 2014 அக்டோபர் 29, காலை. கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து இறங்கி, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. கையாலும் மண்வெட்டியாலும் தோண்டியவர்கள் தோட்டத்துச் சனம்தான். பர்ஸ்டல் முதியவரை நினைக்கும்போதெல்லாம் அவர்கள் முகம்தான் எனக்கு வருகிறது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். சில வாரங்களில் ஜனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்பட்டது. வாகனங்கள் வந்தன, கமராக்கள் வந்தன, வாக்குறுதிகள் வந்தன. கண்ணீர் விட்டவர்களை நான் பொய்யர் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சனத்துக்காக எந்தக் கட்சி எதை விட்டுக்கொடுத்தது? தேடிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பிழைத்தவர்கள் புது வீட்டுக்காக ஏறக்குறைய இரண்டு வருடங்கள் காத்திருந்தார்கள்.

மலைச்சரிவுகளில் இன்றைக்கும் லயங்கள் இருக்கின்றன. மழை பெய்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கோ பாடசாலைக்கோ ஓடும் தாய்மாரை உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பாதுகாப்பான காணி கேட்டு ஒரு கடிதம் எழுதி வந்திருக்கிறேன். அதில் எந்தக் கட்சியின் பெயரும் இல்லை, சின்னமும் இல்லை. எல்லாக் கட்சிப் பிள்ளைகளும் ஒரே தாளில் கையொப்பம் வைக்க வேண்டும். இது எங்கள் கட்சி வாங்கித் தந்த காணி என்று பிறகு ஒருவரும் மேடையில் சொல்லக்கூடாது. கடிதம் அந்த மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன்.